போரையே பார்த்த சனத்துக்குக் கொரோனா ஒரு பொருட்டா?

2023 மே 6, காலை: வாசகர் ஒருவர் எழுதியது

கோவிட் அவசரநிலை முடிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் நேற்று அறிவித்திருக்கிறது. மூன்று வருடமாகக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ளவர்கள் மன உளைச்சல், தனிமை என்று நிறையப் பேசினார்கள். இலங்கையின் வடக்கில் போருக்குள் வாழ்ந்த வன்னிச் சனத்துக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பது என் எண்ணம். செல்லடிக்குள்ளும் பங்கருக்குள்ளும் கிடந்து வந்தவர்களுக்கு வீட்டுக்குள் சும்மா இருப்பது ஒரு கஷ்டமா? போர் எங்கள் மனதை உரமாக்கிவிட்டது. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

மே 6, இரவு: என் பதில்

இல்லை என்கிறேன். நான் கிளிநொச்சிப் பக்கம், 2009இல் போர் முடியும்போது எனக்கு 24 வயது, எல்லாவற்றையும் பார்த்துத்தான் வந்தேன்.

2020 மார்ச் 20 ஒரு வெள்ளிக்கிழமை. மாலை 6 மணியிலிருந்து ஊரடங்கு என்று வானொலியில் சொன்னதும் அம்மா ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போனார். அரிசி எத்தனை கொத்து, மா, பருப்பு, உப்பு, மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டி எல்லாவற்றையும் எண்ணினார். அப்புறம் அலுமாரியைத் திறந்து எல்லாருடைய அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், ஒரு டோர்ச், இரண்டு சோடி பற்றரி, ஒரு சாரம், ஒரு சட்டை என்று ஒரு பைக்குள் வைத்துக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் கொழுவினார். "எங்கயம்மா ஓடப்போறம்?" என்று கேட்டேன். "ஓட இடமில்லாத வருத்தமாம் பிள்ளை, அதுதான் பயமாக்கிடக்கு" என்றார்.

அந்தப் பை இன்றைக்கும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. நீங்கள் சொல்கிற உரம் இதுதான் என்றால் அது எங்களிடம் நிறையவே இருக்கிறது. ஆனால் அம்மா அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை.

மே 7

நேற்று அவசரத்தில் எழுதியதில் ஒரு பக்கம்தான் வந்தது, அதனால் இதையும் சொல்ல வேண்டும். அந்த முதல் இரண்டு மாதங்கள் அம்மா எங்கள் எல்லாரையும் விடத் தெளிவாக இருந்தார். முற்றத்தில் கீரை போட்டார், பக்கத்து வளவில் இருந்த ஆசிரியர் குடும்பத்துக்கு மா கொடுத்தார், அவர்கள் தெற்கில் படித்து வளர்ந்த பிள்ளைகளோடு வந்தவர்கள், பெட்டிக்கடை பூட்டினால் என்ன செய்வதென்றே தெரியாமல் நின்றார்கள். 2020 யூன் கடைசியில் ஊரடங்கு முழுதாக எடுபடும்வரை எங்கள் வீட்டை நடத்தியது அவர்தான். வாசகர் பார்த்தது இதைத்தான் என்றால், அவர் பார்த்தது பொய்யில்லை. நெருக்கடி நேரத்தில் எழும்பி நிற்கப் பழகிய சனம் நாங்கள். விழுவது பிறகுதான்.

மே 7, பின்னேரம்

"வீட்டுக்குள் சும்மா இருப்பது" என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லாரையும் வீட்டுக்குள் விடவில்லை.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி (ஒரே இடத்தில் பலருக்குத் தொற்றியது) வந்தபோது என் சித்தியின் மகள் தெற்கில் வேறொரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் பஸ் ஒன்று வந்தது. கூடவே இராணுவம். பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்பத்தில் எத்தனை பேர், வரிசையில் நில். தனிமைப்படுத்தல் நிலையத்தில் 14 நாள். அங்கே சாப்பாடு நேரத்துக்கு வந்ததாம், யாரும் கடுமையாக நடக்கவில்லையாம், அதை அவளே சொன்னாள். ஆனால் அவள் பஸ்ஸில் ஏறும்போது சித்தி படலையைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலை இந்த ஒழுங்கையில் யாரும் மறக்கவில்லை. சித்தியின் மூத்த மகன் 2009இல் ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் இதே மாதிரி பெயர் பதிந்துவிட்டு ஒரு பஸ்ஸில் ஏறினவன். இன்றுவரை தகவல் இல்லை.

சுகாதாரப் பரிசோதகர் தன் கடமையைத்தான் செய்தார். அவருக்கு அது ஒரு பஸ், சித்திக்கு அது வேறு பஸ். இதைக் கணக்கில் எடுத்து, சீருடை இல்லாத ஒருவரை, ஒரு குடும்ப நல உத்தியோகத்தரையாவது முன்னால் அனுப்பியிருந்தால் சித்திக்கு இப்போது இருக்கிற நெஞ்சுப் படபடப்பு பாதியாகியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மே 9

தனிமைப்படுத்தல் மனதை அடிக்கும் என்பதற்கு வாசகர்கள் ஆதாரம் கேட்டிருந்தார்கள். தொற்றின் முதல் வருடத்தில் உலக அளவில் பதற்ற நோயும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. அதற்கு முன்பே, 2020 பெப்ரவரியில், லான்செட் மருத்துவ இதழில் ஒரு மீளாய்வு வந்தது. சார்ஸ் போன்ற பழைய தொற்றுகளில் தனிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நாட்கள் நீள நீள, பொருள் போதாமல் போக, சரியான தகவல் வராமல் இருக்க, வருமானம் நிற்க, ஊர் ஒதுக்கி வைக்க, மனம் அந்தளவுக்கு அடிபடுகிறது, சிலருக்கு அது மனவடுவாகவே நிற்கிறது என்பதுதான் அதன் சாரம். இதில் எது எங்களுக்குப் பொருந்தாது என்று நீங்களே பாருங்கள்.

மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களைப் பற்றி 2010இல் எழுதிய ஆய்வில் கூட்டு மனவடு என்கிறார். ஆளுக்கு ஆள் வருகிற வருத்தத்தோடு நிற்காமல் குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைவது. நம்பிக்கை, உறவு, சடங்கு, ஒருவரை ஒருவர் தாங்குகிற பழக்கம், இவையெல்லாம் போவது. உடைந்ததை 10 வருடமாக ஒட்டிக்கொண்டிருந்தோம். ஒட்டக் கிடைத்த பசையே கூடுவதும் கதைப்பதும்தான். கொரோனா வந்து கூடாதே என்றது.

மே 10

பிள்ளைகளை மறந்துவிட்டேன், அதுவும் நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை.

2020 மார்ச் நடுப்பகுதியில் பள்ளிக்கூடம் பூட்டியது. திறந்து, ஒக்டோபரில் மறுபடி பூட்டி, திறந்து, 2021 ஏப்ரல் கடைசியில் பூட்டி ஒக்டோபர்வரை இழுத்தது. என் வகுப்பில் 27 பிள்ளைகள், வாட்ஸ்அப் உள்ள கைபேசி 9 வீட்டில். அதில் நான்கு வீட்டில் கைபேசி அப்பாவோடு கூலிவேலைக்குப் போய்விடும், பிள்ளைக்கு இரவில்தான் கிடைக்கும். சிக்னலுக்குக் குளக்கட்டுக்கு நடந்தார்கள். பாடம் பிந்தியதை ஓரளவு பிடித்துவிட்டோம். பிடிக்க முடியாமல் இருப்பது வேறு. 2022இல் மூன்றாம் வகுப்புக்கு வந்த ஒரு பையன், தாய் வாசலைத் தாண்டினால் வாந்தி எடுப்பான். வைத்தியர் பார்த்து வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். அவன் பிறந்தது 2014. போர் பார்க்காத பிள்ளை. தாய் பார்த்தவர். ஊரடங்கு முழுக்கத் தாய் அவனைத் தன் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருந்திருக்கிறார். தாயின் பயத்தைப் பிள்ளை படித்துவிட்டது.

ஒன்றுமட்டும் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. திறந்த முதல் கிழமை இடைவேளையில் நாலைந்து பெண்பிள்ளைகள் ஈர்க்கில் துண்டில் பஞ்சு சுற்றி மற்றவர்களுடைய மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து பிசிஆர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "உமக்குப் பொசிட்டிவ், 14 நாள் மாமரத்தடியில இரும்" என்று ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். மாமரத்தடியில் இருந்தவள் இரண்டு நிமிடத்தில் "என்ர 14 நாள் முடிஞ்சுது" என்று எழும்பி ஓடி வந்தாள். 2009இல் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் பிள்ளைகள் தடியைத் தோளில் வைத்துச் சோதனைச்சாவடி விளையாடியதைப் பார்த்தவள் நான். பயந்ததைப் பிள்ளைகள் விளையாடித்தான் ஆற்றுகிறார்கள். அதனால் ஈர்க்கிலைப் பறிக்கவில்லை, மூக்குக்குள் விடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

மே 13

இதை எழுதுவதா என்று மூன்று நாள் யோசித்தேன்.

அப்பா 2021 ஓகஸ்ட் கடைசி வாரம் கொரோனாவில் போனார். சர்க்கரை வருத்தக்காரர், 67 வயது. நாட்டை மறுபடி முடக்கி ஒரு கிழமைதான். அம்புலன்ஸில் ஏற்றும்போது செருப்பை விட்டுவிட்டுப் போனார், அம்மா அதைக் கழுவி வைத்தார், வரும்போது தேவைப்படும் என்று. ஆறாம் நாள் தொலைபேசி வந்தது. முகம் பார்க்கவில்லை. மூடிய பெட்டி, தூரத்தில் நின்று கும்பிடலாம், ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். பிறகு ஒரு முட்டியில் சாம்பல் தந்தார்கள், அதில் ஒரு இலக்கம் ஒட்டியிருந்தது.

எங்கள் ஊரில் செத்தவீடு எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பந்தல், வாடகைக் கதிரை, பறை, பெண்கள் கட்டிப்பிடித்துச் சொல்லியழுகிற ஒப்பாரி, பக்கத்து வீடுகளிலிருந்து மூன்று நேரமும் வருகிற சாப்பாடு, எட்டுச் செலவு, 31, அந்தியேட்டி. அந்த வீட்டில் முதல் சில நாள் அடுப்பெரியாது, ஆனால் ஆள் இல்லாமலும் இருக்காது. எங்கள் வீட்டுப் படலையில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. 14 நாள் நானும் அம்மாவும் தங்கையும். சாப்பாட்டுப் பையைப் படலையில் வைத்துவிட்டு, சுகமா என்று தெருவில் நின்று கத்திவிட்டுப் போனார்கள். அதுவும் பெரிய விஷயம்தான், அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன்.

அம்மா அழவில்லை. அரிசியை எண்ணினார்.

நான்கு மாதம் கழித்துத் தொடங்கியது. நெஞ்சடைப்பு, தலை விறைப்பு, ஓயாத பெருமூச்சு. மூன்று தடவை ஈசிஜி எடுத்தோம், மூன்றும் நல்லது என்றார்கள். ஒரு வைத்தியசாலையில் நின்ற இளம் வைத்தியர் "அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, யோசிக்காமல் இருங்கோ" என்று சொல்லி விற்றமின் குளிசை தந்து அனுப்பினார். யோசனைதான் வருத்தம் என்று எங்கள் சனம் அந்தச் சொல்லிலேயே சொல்லிக்கொண்டுதானே போகிறது, அதைக் கேட்கிற காது வேண்டும். பின்னிரவில் எழும்பிப் படலையைத் திறந்து வைப்பார். கேட்டால், அவர் வந்தால் தட்டத் தெரியாது, காய்ச்சலோடு நிற்பார் என்பார்.

2022 ஓகஸ்டில் ஆட்டைத் திவசம். பெற்றோல் கியூஆர் முறைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம், சனம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்தார்கள். மாமிமார் மூன்று பேரும் வந்து இறங்கியதும் ஒரு வருடம் பிந்திய ஒப்பாரியை வாசலிலேயே தொடங்கினார்கள். அன்றைக்குத்தான் அம்மா அழுதார். அதன் பிறகு படலை பூட்டியே இருக்கிறது.

மே 14

தங்கை இதை வாசித்துவிட்டு என்னோடு சண்டை. அவள் சொல்வது சரி, திருத்துகிறேன். திவசத்தில் அழுததோடு எல்லாம் சரியாகிவிட்டது போல எழுதிவிட்டேன். அதற்கு இரண்டரை மாதம் முன்பே தங்கைதான் அம்மாவை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். "என்னை விசர் ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோறாய்?" என்று அம்மா வழிமுழுக்கக் கேட்டார். அங்கே மனச்சோர்வு என்று மருந்து தொடங்கி, பேச ஆள் தந்தார்கள். மருந்து பிடித்து நித்திரை வரத் தொடங்கிய பிறகுதான் திவசம் வந்தது. அந்த மருந்து இல்லாமல் அந்த அழுகை வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. படலையும் ஒரேயடியாகப் பூட்டவில்லை, மாரி மழைவரை இடைக்கிடை திறந்துதான் கிடந்தது. யாராவது என் முந்தைய குறிப்பை வாசித்துவிட்டு மருந்தை நிறுத்திச் சடங்கை மட்டும் செய்தால் அந்தப் பாவம் என்னுடையது.

மே 18

ஒருவர் கடுமையாகவே கேட்டிருந்தார்: "போரில் கூடியிருந்தோம், கொரோனாவில்தான் தனியானோம் என்பது போல எழுதுகிறீர்களே, 2009இல் யாருக்குச் செத்தவீடு நடந்தது?"

இன்றைக்கு முள்ளிவாய்க்கால் நினைவு நாள், அதற்குப் பதில் எழுதுவது பாரமாக இருக்கிறது. காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். அவர் கேட்டது நியாயம். போரின் கடைசி மாதங்களில், மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை எவருக்கும் பந்தல் போடவில்லை. என் அம்மம்மாவைப் பங்கருக்குள்ளேயே மண் தள்ளி மூடிவிட்டுத்தான் நடந்தோம். முதல் குண்டுச் சத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அழுவதற்குக்கூட நேரம் இருக்கவில்லை. நான் கூடியிருந்தோம் என்றது 2009க்கு முந்திய இடப்பெயர்வுகளையும் அதற்குப் பிந்திய 10 வருடங்களையும் நினைத்து. அதைப் பிரித்து எழுதவில்லை.

ஆனால் இந்தக் கேள்விதான் எனக்கு ஒன்றைப் புரியவைத்தது. அப்பாவின் சாம்பல் முட்டி வந்த அன்று அம்மா சொன்னது ஒரே ஒரு வசனம்: "இவரையும் அப்பிடியே விட்டிட்டு வந்திட்டம்." அந்த 'உம்' எனக்கு அப்போது காதில் விழவில்லை. இவரையும். அம்மம்மாவை விட்ட மாதிரி இவரையும். 12 வருடமாக ஒரு நாளும் அம்மம்மாவின் முடிவைப் பற்றி வாய்திறக்காதவர் அந்த ஒரு எழுத்துக்குள் சொல்லிவிட்டார். உலகத்தில் மற்றவர்களுக்குக் கோவிட் ஒரு சாவைக் கொடுத்தது. எங்களில் பலருக்கு அது பழைய சாவையும் தோண்டி எடுத்து வந்தது. உரமான மனம் என்று வெளியில் தெரிவது, அழாமல் வைத்திருக்கிற மனம்.

ஆறு மாதத்துக்கு மேலும் ஆறாமல், அன்றாட வாழ்வையே முடக்குகிற துயரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாட்டில் இப்போது தனிப் பெயர் இருக்கிறது, நீடித்த துயரக் கோளாறு, 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரை இதில் எங்கே வைப்பது? 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டம் இருக்கிறார்கள். தொற்றுக் காலத்திலும் முகக்கவசத்தோடு படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். சித்தியும் போவார். "கொரோனாவில நான் செத்தால் அவன் வந்து ஆரைக் கேப்பான்?" என்பதுதான் அவருடைய பயம்.

மே 21

கடன், குடி பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர். உண்மைதான், மனம் தனியாக நோகவில்லை, வயிற்றோடு சேர்ந்துதான் நொந்தது. 2020 ஏப்ரலில் 5000 ரூபா தந்தார்கள், கூலி வீட்டுக்கு அது எத்தனை நாள்? நுண்கடன் தவணை சில மாதம் நின்றது, பிறகு வட்டியோடு திரும்பி வந்தது, கிழமைக்கு ஒருநாள் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்பக்கமாக ஓடி ஒளிகிற பெண்கள் என் ஒழுங்கையில் இருக்கிறார்கள். சாராயக்கடை பூட்டினார்கள், கசிப்பு பெருகியது, அடி வாங்கினவள் ஊரடங்கில் தாய்வீட்டுக்கும் போக முடியவில்லை. அது முடியுமுன் 2022 பொருளாதார நெருக்கடி. மூச்சுவிட இடைவெளியே கிடைக்கவில்லை.

யூன் 18

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிப்போய் வந்தேன். 2020லும் 2021லும் அங்கே கூட்டம் கூட விடவில்லை. சிலாவத்தைக் கடலில் எடுத்த உப்புநீரில் விளக்கு எரியும் என்று சனம் நம்புகிற கோவில், வைகாசி வெக்கையில் அம்மன் குளிர வேண்டும், ஊரில் நோய் வரக்கூடாது என்று பொங்குகிற பொங்கல். நோய்க்காகவே உள்ள அம்மனிடம் நோயால் போக முடியாமல் போனது அந்த இரண்டு வருடமும் அம்மாவின் வயதுக்காரரை எவ்வளவு அடித்தது என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது அம்மா ஒன்று சொன்னார். முந்தி அம்மாள் வருத்தம் (அம்மை) வந்தாலும் வீட்டை ஒதுக்கித்தானே வைப்பார்கள், வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், பிறத்தியார் உள்ளே வரமாட்டார்கள். ஆனால் "அம்மாள் வந்திருக்கிறா" என்று மரியாதையாகச் சொல்வார்கள். எங்கள் படலையில் ஒட்டினது கடதாசி, பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு மறுபக்கத்தால் போனார்கள். இரண்டும் தனிமைப்படுத்தல்தான். ஒன்றில் வீட்டுக்கு மதிப்பு இருந்தது, மற்றதில் வெட்கம். ஒதுக்கப்படுவதால் வருகிற காயம் என்று ஆய்வுகளில் நான் வாசித்ததை அம்மா ஒரு வேப்பிலையால் விளக்கிவிட்டார்.

யூன் 20

முஸ்லிம் சகோதரி ஒருவர் மன்னாரிலிருந்து எழுதியதை வாசித்தேன், கண் கலங்கிவிட்டது. அவர்களுக்கு நடந்தது இன்னும் பெரிய கொடுமை. 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி கடைசிவரை கொரோனாவில் செத்தவர்களைக் கட்டாயமாக எரித்தார்கள், பிறந்து 20 நாளான குழந்தையைக்கூட விடவில்லை. பிறகு எங்கள் பூநகரிப் பிரிவில் உள்ள இரணைதீவில் புதைக்கலாம் என்று 2021 மார்ச் தொடக்கத்தில் அறிவித்தார்கள். அந்தத் தீவுச் சனம் பல வருடம் போராடி 2018இல்தான் தங்கள் மண்ணுக்குத் திரும்பியிருந்தார்கள், எதிர்த்து நின்றார்கள், கடைசியில் கிழக்கில் உள்ள ஓட்டமாவடியில் புதைத்தார்கள். இரண்டு பக்கமும் நொந்த சனம், நடுவில் ஒரு சடலம். தன் தகப்பனைப் பற்றி அவர் எழுதிய ஒரு வரியை நான் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை.

யூலை 2

முதலில் கேள்வி எழுதியவர் மறுபடி வந்திருக்கிறார். தன் அத்தையும் ஒன்றரை வருடமாக இரவில் எழும்பி இருக்கிறார், சாப்பாடு குறைந்துவிட்டது, "நான் இருந்தென்ன" என்கிறார், போரைத் தாங்கினவர் இதையும் தாங்குவார் என்று விட்டுவிட்டோம், என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, "நான் இருந்தென்ன" என்றால் நாளை என்று வைக்க வேண்டாம். சாக வேண்டும் போல இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. வயல் மருந்துப் போத்தல்களை இன்றைக்கே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். இரவில் தனியே விடாதீர்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எத்தனை மணிக்குப் படுக்கிறார், எத்தனை மணிக்கு எழும்புகிறார், என்ன குளிசை எடுக்கிறார் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், நெஞ்சுநோ என்று மட்டும் சொன்னால் ஈசிஜி எடுத்து அனுப்பிவிடுவார்கள். விசர் என்ற சொல்லை யாரும் வீட்டில் எடுக்க வேண்டாம்.

அத்தை தனியாக வரப் பயந்தால் சொல்லுங்கள். புதன்கிழமை அம்மாவுக்கும் கிளினிக். ஏழு மணிக்கே போனால் வாசல் வேப்பமரத்தடி வாங்கில் இடம் கிடைக்கும், நாங்கள் அங்கேதான் இருப்போம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், பிளேன்ரீ போத்தல் பெரியதாகக் கொண்டுவருகிறேன் என்கிறார்.